குப்புறக் கிடந்த பெயர்

திருவனந்தபுரத்து டாக்டரம்மா ரத்தம் பார்த்த சீட்டைப் பார்த்தாள், உலகம்மையின் வயிற்றைப் பார்த்தாள், மறுபடியும் சீட்டைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் மந்திரமூர்த்தியை வெளியே போய் உட்காரச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், மலையாளம் கலந்த தமிழில் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"நீங்க இப்போ கர்ப்பமாயிட்டு இருக்கோ?"

உலகம்மைக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். கோயில், குளம், அரசமரம், லேகியம் என்று சுற்றி ஓய்ந்து, கேட்கிறவர்களே அலுத்துப்போய்க் கேட்பதை விட்டுவிட்ட கேள்வி அது. அதைப் போய் ஒரு வெள்ளைக்கோட்டு அம்மாள் மரியாதையாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டதும் அவளுக்கு உள்ளங்கால் கூசியது. பாழாய்ப்போன மனசு! கண் மஞ்சளாகி, கால் வீங்கி, ஈரல் கெட்டுப்போச்சு என்று தென்காசி டாக்டர் கைவிரித்து அனுப்பி வந்திருக்கிறவள், ஒரு நிமிஷம் இருக்குமோ என்று நினைத்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் பெயர்கூட வைத்துவிட்டாள். பிறகு மூத்திரம் சோதித்துப் பார்த்து, இல்லை என்றார்கள்.

"பின்ன ஏன் கேட்டிய?" என்றாள் உலகம்மை. கோபமாகத்தான் கேட்டாள்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். வயிற்றில் இருக்கிற குழந்தையின் ஈரல் ஒரு சத்தை உண்டாக்கும் என்றாள். பிள்ளை பிறந்து ஒரு வயசு ஆகுமுன் அது நின்று போகும். அப்புறம் ஆயுசுக்கும் தூங்கிக்கொண்டே இருக்கும். வளர்ந்த ஆளின் ரத்தத்தில் பத்துக்கு மேலே இருக்காது. பிள்ளை சுமக்கிறவளுக்குக் கூடும். "உங்களுக்குத் தொண்ணூறு இருக்கு. கர்ப்பம் இல்லை. ஈரல்லே புற்று வந்தாலும் இது முழிச்சுக்கும். வெறுமனே ஈரல் கெட்டவங்களுக்கும் முழிச்சுக்கும். கெட்ட ஈரல் புதுசா முளைக்கப் பார்க்கும் இல்லையோ, அப்போ ஏறும். தானா இறங்கும். மறுபடி ஏறும். ஒரு தடவை வந்த எண்ணை வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். படத்திலே கட்டி ஒண்ணும் தெரியலை, ஆனா சின்னக் கட்டி படத்திலே தெரியாது. நீங்க திரும்பத் திரும்ப வரணும், ரத்தம் தரணும். நானூறைத் தாண்டினா வயிறு திறந்து பார்க்கணும். சீக்கிரம் பார்த்தா வெட்டி எடுத்திரலாம்." பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, வீட்டில் வேறு யாருக்காவது காமாலை உண்டா என்று கேட்டாள்.

"எங்க அம்மை வயிறு வீங்கிச் செத்தா. அக்காளுக்குக் காமாலை. ஒம்பதாம் மாசத்துல போயிட்டா."

"பிள்ளை?"

"உள்ளயே இருந்துட்டு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "இது அம்மா வழியா இறங்கற சீக்கு. உங்க அக்காவுக்கு வந்ததும் இதேதான்."

நியாயமாகப் பார்த்தால் அது ஆறுதல் சொன்ன வார்த்தை. யார் தப்பும் இல்லை, ரத்தத்தில் வந்தது என்று அந்த அம்மாள் சொல்ல வந்தாள். உலகம்மை காதில் விழுந்தது வேறு. அக்காளுக்கு வந்தது இப்போது இவளிடம் வந்திருக்கிறது. வயிற்றுப் பிள்ளையின் சத்து, பிள்ளை இல்லாமல் வந்திருக்கிறது. ஆரியங்காவு மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்க, அவள் விலாவுக்குக் கீழே கையை வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைய வெளிய அனுப்பிட்டு டாக்டரம்மா என்னட்டி சொன்னாவ என்று மந்திரமூர்த்தி மூன்று தரம் கேட்டார். தொண்ணூறு என்ற எண்ணை மட்டும் சொன்னாள்.

ஊர் திரும்பினால் குற்றாலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. குடிகாரப் பயலுவளுக்கு வருகிற நோவு பொம்பளைக்கு எப்படி வந்தது என்று ஒரு கூட்டம், இவர்கள் நடத்துகிற லாட்ஜில் தங்கினவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன பாட்டிலையெல்லாம் இவள்தான் காலி செய்கிறாள் என்று இன்னொரு கூட்டம். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். உலகம்மைக்கு இருந்த பயத்தில் ஊர்ப்பேச்சுக்கு இடமில்லை.

அக்காள் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர் மூத்தவளுக்கு, தென்காசி அம்மன் பெயர் இளையவளுக்கு என்று தகப்பன் வைத்தது. மூத்தவளைக் குற்றாலத்திலேயே லாட்ஜ் வைத்திருந்த மந்திரமூர்த்திக்குக் கொடுத்தார்கள். அவள் சுமையோடு போய்ச் சேர்ந்தாள். பிள்ளைத்தாச்சியாகச் செத்தவள் இறக்கி வைக்க இடமில்லாமல் அலைவாள் என்று, தென்காசி–குற்றாலம் ரோட்டோரம் சுமைதாங்கி நட்டார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு கல் நிறுத்தி, குறுக்கே ஒரு கல். தலைச்சுமைக்காரர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். குறுக்குக் கல்லில் அவள் பெயரைப் பெரிசாக வெட்டியிருந்தார்கள். அந்தக் கல்லில் உளி வாசனை போகுமுன்னே, தை பிறந்ததும், இளையவளை அதே மாப்பிள்ளைக்குக் கட்டி வைத்தார்கள். அன்றைக்கு வரைக்கும் அவரை அவள் அத்தான் என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகும் அத்தான் என்றே கூப்பிட்டாள். அக்காள் வாங்கிப் போட்ட பாத்திரத்தில் சமைத்தாள், அக்காள் மடித்து வைத்த சேலையை உடுத்தாள். தென்காசிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பெயர் அவளை எதிர்கொண்டு வரும். எத்தனை தரம்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்புவாள்!

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ரோட்டை அகலமாக்குகிறோம் என்று எல்லாவற்றையும் பெயர்த்து ஓடையில் தள்ளினார்கள். மந்திரமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. மூன்று கல்லையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேறு இடம் பார்த்து நடவேண்டும் என்றார். சீசன் வந்தது, கூட்டம் வந்தது, நட்டபாடில்லை. லாட்ஜின் பின்கட்டில் துவைக்கிற கல் உடைந்துபோயிருந்தது. அந்தக் குறுக்குக் கல்லை அங்கே போட்டால் ஆகுமே என்று வேலைக்காரர்கள் கேட்டபோது மந்திரமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். அப்போது அவள் வாயில் வந்த வார்த்தை இதுதான்: "போடட்டும் அத்தான். எழுத்து அடியில போற மாதிரி போடச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அக்காள் பெயர் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. அதன் முதுகில்தான் எட்டு அறைப் போர்வைகளையும் உலகம்மை அடித்துத் துவைத்தாள்.

ஆனியில் சாரல் பிடித்தது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று மதுரை, கோவில்பட்டி ஜனமெல்லாம் வந்து இறங்கியது. அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு இரண்டாம் தடவை திருவனந்தபுரம் போனார்கள். ரத்தம் கொடுத்தால் கையோடு பதில் வராது. பலபேர் ரத்தம் சேர்ந்தபிறகு மொத்தமாக மெஷினில் வைப்பார்கள். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு கொண்டுபோகிற பரீது, வாரம் தவறாமல் அங்கே போய்வருகிறவர், சீசனுக்கு இவர்கள் லாட்ஜில்தான் தங்குவார். அவர்தான் கேட்டு வந்து சொன்னார். சொல்லும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இருநூத்திப் பத்தாம் அண்ணாச்சி. பயப்படண்டாம்னுதான் டாக்டரம்மா சொல்லுதாவ. ஏறும் எறங்குமாம்."

"ஏறுததைத்தான பாக்கோம்," என்றார் மந்திரமூர்த்தி. "எறங்குத வழியக் காணோமே."

அன்றைக்கு மத்தியானம் உலகம்மை பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் எல்லாம் அருவிக்குப் போயிருந்தார்கள்; கட்டிடம் வாயை மூடிக்கொண்டு நின்றது. போர்வையைச் சுருட்டி ஓங்கிக் கல்லில் அடித்தாள். இரண்டு அடி கேட்டது. மலையடிவாரம், எதிரொலி வரத்தான் செய்யும். இத்தனை வருஷம் கேட்காத எதிரொலியா என்று நினைத்துக்கொண்டே மறுபடி ஓங்கினாள். கை மேலே இருக்கும்போதே தொப் என்று ஒரு அடி விழுந்தது. பிறகுதான் அவளுடைய அடி விழுந்தது. எதிரொலி பின்னால் அல்லவா வரும்? அவள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். கல்லுக்கு அடியிலிருந்து, சுமை தூக்கி வந்தவர்கள் விடுகிற மாதிரி, நீளமாக ஒரு மூச்சு கேட்டது. ஓடையில் தண்ணீர் வடிகிற சத்தமாகவும் இருக்கலாம். விலாவுக்குக் கீழே உள்ளேயிருந்து மெல்ல ஒரு இடி இடித்தது.

சாயங்காலம் அவரிடம் சொன்னாள்.

"அத்தான், அவ நிக்க எடமில்லாம என்கிட்ட வந்திருக்கா. எறக்கி வைக்க இருந்த எடத்தையும் நாமதான பிடுங்கினோம்."

இப்படிச் சொன்னால் சிரிப்பார், பைத்தியமாட்டி ஒனக்கு என்பார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "நானும் ரெண்டு மாசமா அதத்தான் நெனைக்கேன். நீ பயந்துருவன்னு சொல்லல," என்றார். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தியை வயிறும் பிள்ளையுமாக மயானத்துக்குக் கொண்டுபோனவர். இவளையும் கொண்டுபோக அவருக்குத் தெம்பு இல்லை.

ஆனாலும் டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாளுக்கு மூன்றாம் தடவை ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஊர் திரும்பிய கையோடு கல் கொத்துகிற சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டு, வேலையைத் தொடங்கினார் மந்திரமூர்த்தி. பழைய இடம் இப்போது தார் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. இலஞ்சிக்கு ரோடு பிரிகிற விலக்கில், திருவனந்தபுரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள்.

பின்கட்டுக் கல்லைக் கடப்பாரை போட்டுப் புரட்டுகிறபோது உலகம்மை தூண் மறைவில் நின்றாள். நாலு வருஷம் சோப்புத்தண்ணீரும் மழையும் குடித்த இடம். சுற்றிலும் பாசி வழுக்கியது. அடியில் சேறும் புழுவுமாக இருக்கும் என்று சங்கிலிப்பாண்டி சாக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கல் புரண்டது. அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. நேற்று வெட்டினதுபோல எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது.

சங்கிலிப்பாண்டி கடப்பாரையைக் கீழே போட்டான். "என்ன அண்ணாச்சி இது, அடுப்புக்கல்லு மாதிரில்லா இருக்கு," என்றான். தொட்டுப் பார்த்தவன் கையை வெடுக்கென்று எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். சூடா, குளிர்ச்சியா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கல் நின்ற அன்றைக்கு மஞ்சள் பூசி, சேலை சாத்தி, வளையல் போட்டுக் கும்பிட்டார்கள். முதல் சுமையை வழிப்போக்கர்தான் இறக்கவேண்டும் என்று சங்கிலிப்பாண்டி சொல்லிவிட்டான். "வீட்டாளுவ ஒரு துரும்பைக்கூட இதுல வைக்கப்படாது. வச்சா, நம்ம ஆளுல்லா வந்திருக்குன்னு அந்தம்மா புடிச்சுக்கிடுவா." காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, மலையிலிருந்து விறகுக்கட்டோடு தங்கத்தாய் என்ற பொம்பளை வந்தாள். என்ன ஏது என்று கேட்காமல் கட்டைக் கல்லில் தள்ளினாள், சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "அப்பாடா! எந்த மகராசி பேருல நட்டியளோ, அவ நல்லாருக்கணும்," என்றாள். மந்திரமூர்த்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நாலாம் நாள் பரீதிடமிருந்து போன் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ட்ரங்க் கால். குரல் தெருவரைக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, அறுவது! எறங்கிட்டு அண்ணாச்சி! அறுவதுதான்!"

மந்திரமூர்த்தி போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார், உள்ளே ஓடினார், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றார். "பாத்தியாட்டி! கல்லு நின்னுது, நம்பர் எறங்கிட்டு. அவ வாங்கிக்கிட்டா!" பார்க்கிறவர்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தார். இனிமேல் மலை ஏறி இறங்கி ரத்தம் கொடுக்கிற ஜோலி கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்.

உலகம்மையும் சிரித்தாள். சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? கையை விரித்து அல்வாவை வாங்கும்போதுதான் முழங்கை மடிப்பில் ஊசி குத்தின இடம் கண்ணில் பட்டது. நீலம் மங்கி மஞ்சளாகியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். அல்வா கையில் உருகியது.

"அத்தான், நாம ரத்தம் குடுத்துட்டு வந்த பெறவுதான கல்லு நட்டோம்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்த ரத்தம் என் ஒடம்ப விட்டுப் போகும்போதே எறங்கித்தான இருந்திருக்கும். அப்ப அவ குப்புறக் கெடந்தா."

மந்திரமூர்த்தியின் முகம் மாறியது. "மெஷின்ல வச்சது கல்லு நட்ட பெறவுதான். பரீது கேட்டுட்டான். ஒன் ரத்தம் எங்க இருந்தா என்னட்டி, ஒன் ரத்தம்தான? குப்பிக்குள்ள இருந்தா அவளுக்கு எட்டாதா?" சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. "தோண்டாத. நல்லது நடந்திருக்கு. தோண்டித் தோண்டிப் பாத்துக் கெடுத்துக்கிடாத." உரக்கப் பேசினாரே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. கல் நட்டதால் இறங்கியிருந்தால் அக்காளுக்கும் இவளுக்கும் கணக்கு முடிந்தது என்று நிம்மதியாக இருக்கலாம். டாக்டரம்மா சொன்ன மாதிரி அதுவாகவே இறங்கியிருந்தால் அதுவாகவே ஏறும். அதற்குக் கல்லும் தெரியாது, கும்பிடும் தெரியாது. ஐந்தருவியில் தண்ணீர் கூடுவதற்கும் குறைவதற்கும் கீழே நின்று குளிக்கிறவன் செய்த புண்ணியமா காரணம்? எந்தப் பக்கம் புரண்டாலும் ஒரு எண்ணம் மட்டும் வந்து நின்றது. அக்காள் வருகிறாள், போகிறாள். கட்டி வைக்க ஒரு கல்லாலும் ஆகாது. அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே வழி, போய் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான். ஒருநாள் அது நானூறைத் தாண்டினால் அன்றைக்கே வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டும். அக்காளுக்கு அப்படிப் பார்க்க யாரும் இல்லை.

ஐப்பசியில் நாலாம் தடவைக்கு நாள் வந்தது. மந்திரமூர்த்தி காலையிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் மாற்றுச்சேலையும் போர்வையும் கட்டுச்சோறும் பையில் எடுத்து வைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் செருப்பை மாட்டுகிறபோதுதான் வாயைத் திறந்தார்.

"போகாதட்டி. கூடியிருக்குன்னு சொல்லிட்டாவன்னா நான் என்ன செய்வேன்?"

"கூடியிருந்தா கூடியிருக்குன்னு தெரியும்லா அத்தான். தெரியாமப் போனவ ஒருத்தி போதும்."

அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பயந்த மனுஷனை இழுத்துக்கொண்டு போய் என்ன செய்ய?

இலஞ்சி விலக்கில் ஆளே இல்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மலை தெரியவில்லை, வெள்ளையாக மூடிக்கிடந்தது. பஸ்ஸைக் காணோம். பை கனத்தது, கால் வீக்கம் செருப்பு வாரைத் தாண்டிப் பிதுங்கியது. சுமைதாங்கி இரண்டு எட்டு தூரத்தில் நின்றது. எழுத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. இத்தனை வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் இப்போது பக்கத்தில் போய் அந்தப் பெயரை நேராகப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தண்ணீரை வழித்துவிட்டாள்.

"ஒன் புருசனக் கட்டிக்கிட்டேன். ஒன் சேலைய உடுத்தினேன். ஒன் பேரையும் குப்புறப் போட்டேன். போதுமாக்கா?"

அவள் பையைத் தூக்கினாள். வீட்டாள் வைக்கக் கூடாது என்று சங்கிலிப்பாண்டி சொன்னது நினைவு இருந்தது. நன்றாகவே நினைவு இருந்தது. கல்மேல் வைத்தாள். வைத்ததும் தோள்பட்டை இறங்கிற்று. அப்பாடா என்றாள்.

தென்காசிப் பக்கமிருந்து பஸ்ஸின் சத்தம் கேட்டது. விளக்கு எரிய மழைப்புகையிலிருந்து வெளியே வந்தது. கையைக் காட்டினாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுங்கம்மா, ஏறுங்க, நேரமாவுது," என்று கத்தினான்.

உலகம்மை பையின் இந்தப் பக்கத்துக் காதைப் பிடித்து இழுத்தாள். பை வரவில்லை. கல்லில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்துக் காது விறைப்பாக நின்றது, சந்தையில் பாரமான பையை இரண்டுபேர் ஆளுக்கொரு காதாகப் பிடிக்கிறபோது நிற்குமே, அப்படி. அவள் விடவில்லை. அந்தப் பக்கமும் விடவில்லை. பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"விடுக்கா, போய்ட்டு வந்துருதேன்," என்றாள்.

அந்தப் பக்கத்துக் காது மெதுவாகத் தளர்ந்து பையின்மேல் சாய்ந்தது.